ஸ்டாப்பர் பதில்கள்

இந்த இதழ் முழுக்க ஃபுட்பால். "எப்பப் பார்த்தாலும் கிரிக்கெட்டையே எழுதுறீங்களே, நம்ம ஊர் ஃபுட்பால் டீம் 'சென்னையின் எஃப்சி' என்ன பாவம் செய்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'நிறையச் செய்திருக்கிறது' என்று போன இதழில் ஒரு வரியில் பதில் போட்டேன். அந்த ஒரு வரி கொண்டுவந்த கடிதங்கள்தான் கீழே. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் கடலூர் முதுநகர். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அதற்கு முன்னால் லோக்கல் டீமில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். இப்போதைய பிள்ளைகள் சென்டர் பேக் என்கிறார்கள். வேலை ஒன்றுதான், திட்டு வாங்குவதும் ஒரே ஆள்தான்.

கே.எஸ்., நெல்லிக்குப்பம்: வாத்தியார் ஐயா, இரண்டு தடவை கோப்பை வாங்கிய டீமைப் பாவம் செய்தது என்று எழுதலாமா? அதன் பலம் எது, பலவீனம் எது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பலம்: விழுந்தால் எழுந்துவிடும். பலவீனம்: எழுந்தால் நிற்காது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருக்கிறது. ஒரு வருடம் கிளை ஒடியக் காய்க்கும். தெருவுக்கே கூடை கூடையாகக் கொடுப்போம். மறு வருடம் பார்த்தால் இலைதான். சென்னையின் எஃப்சி அந்த மரம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். தொடங்கியபோது லீக் சுற்றில் முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் கேரளாவிடம் 0-3. சென்னைக்கு வந்து அந்த மூன்றையும் திருப்பி அடித்தார்கள். எக்ஸ்ட்ரா டைமில் 117-வது நிமிடம் பியர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்று போட, கதை முடிந்தது. 2015-இல் பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் ஜெயித்து, கோப்பை வரைக்கும் போனார்கள். 2016-இல் எட்டு டீமில் ஏழாவது. 2017-18 மறுபடி சாம்பியன். சாம்பியன் பட்டத்தோடு இறங்கிய 2018-19-இல் 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த சீசன் பாதியில் கோச் மாறி, இறுதி ஆட்டம் வரை ஓட்டம். அப்புறம் மூன்று சீசன் எட்டாவது, எட்டாவது, எட்டாவது; ஏதோ வீட்டுக் கதவு எண் மாதிரி. 2023-24-இல் ஆறாவது. 2024-25-இல் 13 டீமில் 11-வது.

இதைக் கெட்ட டீம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கெட்ட டீம் இத்தனை தடவை எழுந்து வராது. நல்ல டீம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. நல்ல டீம் கோப்பை வாங்கிய மறு வருடம் குறைந்தபட்சம் நடு வரிசையிலாவது உட்கார்ந்திருக்கும்.

'கால்பந்துப் பித்தன்', சிதம்பரம்: டோனியும் அபிஷேக் பச்சனும் முதலாளிகள். அவர்களில் யாரை டீமில் எடுப்பீர்கள்?

டோனியை. பள்ளிக்கூடத்தில் அவர் கோல்கீப்பர். அங்கிருந்துதான் விக்கெட் கீப்பிங்குக்கு இழுத்தார்கள். அபிஷேக்கைத் தோற்ற அன்றும் எழுந்து நின்று கைதட்டும் கேலரிக்கு எடுத்துக்கொள்வேன். அந்த வேலைக்கும் ஆள் வேண்டும்.

எம்., பரங்கிப்பேட்டை: நீங்கள் பார்த்த சென்னையின் ஆட்டங்களில் மறக்கவே முடியாதது எது சார்?

பார்த்தது என்று முழுசாகச் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. கோவா ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில், கோவா டீமுக்கு எதிராக இறுதி ஆட்டம்.

அந்த வருடம் நம்ம மாவட்டம் இருந்த நிலைமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் தொடங்கிய மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். டிவியைப் பரண் மேல் ஏற்றிவைத்துவிட்டு நாங்கள் மச்சான் வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். சென்னையும் டிசம்பர் முதல் வாரம் மூழ்கியது. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ஆட்டத்தை அடுத்தவன் ஊரில் ஆடி கொல்கத்தாவை 3-0 அடித்த டீம் அது. அந்தச் செய்தியை நான் ஒரு கடையில் அரிசிப் பைக்காக வரிசையில் நின்றபோது கேட்டேன். வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "நம்மாளுங்களும் இடம் மாறித்தான் விளையாடுறாங்களா?" என்றார்.

இறுதி ஆட்டத்தன்று வீடு காய்ந்திருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் இருந்தது. டிவியை இறக்கினேன். படம் வந்தது, ஆனால் மழையில் மாடி டிஷ் சாய்ந்துபோயிருந்ததால் அடிக்கடி உறைந்துவிடும். எதிர் வீட்டுப் பையன், என்னிடம் எட்டாம் வகுப்பில் டிரில் போட்டவன், "நான் மேல போய்ப் புடிச்சுக்கிறேன் சார்" என்று ஏறினான். நான் கீழேயிருந்து கத்துவேன், அவன் திருப்புவான்.

54-வது நிமிடம் பெலிசாரி போட்டார், நம்ம பக்கம் 1-0. நான்கே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87-வது நிமிடம் ஜோஃப்ரே ஒன்று போட, கோவா 2-1. அவ்வளவுதான் என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தபோது படம் உறைந்தது. கோவா ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம். அதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? "டேய், இடப்பக்கம்! இன்னும்! ஐயோ ரொம்பப் போயிட்டே!" படம் வந்தபோது மேலே மூலையில் 2-2. கோவா கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை. மெண்டோசா ஓடுகிறார், இதுவும் ஏதோ ரீப்ளே என்று நினைக்கிறேன், பந்து உள்ளே. 3-2. 90 நிமிடம் முடிந்து ரெஃப்ரி கொடுத்த கூடுதல் நேரத்தில் இரண்டாவது நிமிடம்.

நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து பையன், "என்ன சார், கோலா? யாரு சார்?" என்கிறான். "ஆடாதே, அப்படியே புடி!" என்கிறேன். விசில் ஊதும்வரை அவன் அசையவில்லை. அந்த இரண்டு கோலையும் மறுநாள்தான் பார்த்தான். இன்றைக்கும் எங்கே பார்த்தாலும், "அந்த மெண்டோசா கோலு நான் புடிச்சுக் குடுத்தது சார்" என்பான். மறுக்க முடியவில்லை.

பெயர் வேண்டாம், விருத்தாசலம்: 2018 இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரி இருந்தும் பெங்களூரு எப்படித் தோற்றது? அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டம் என்று சொன்னால் ஒரு ஸ்டாப்பருக்குச் செய்யும் துரோகம். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, நாம் 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆட்டம் அவர்கள் ஊரில், கண்டீரவாவில். 9-வது நிமிடமே சேத்ரி போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நம்ம ஸ்டாப்பர், பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ், தலையால் இரண்டு: 17-வது நிமிடமும் 45-வது நிமிடமும். இரண்டும் கிரெகரி நெல்சன் எடுத்த கார்னர். 67-வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் மீக்கு ஒன்று திருப்பினார். 3-2.

கார்னருக்கு ஸ்டாப்பர் ஏன் மேலே போகிறான் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நான் சம்பளம் வாங்கினதே இதைச் சொல்லித்தர. கார்னரில் தடுக்கிறவனுக்கு இரண்டு வேலை. பந்தையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும். பந்து கொடிக் கம்பத்துப் பக்கம், ஆள் முதுகுப் பக்கம். கழுத்து ஒன்றுதான். பந்தை அடிக்கிற நொடியில் எல்லாக் கழுத்தும் பந்துப் பக்கம் திரும்பும். அந்த நொடியில் கிளம்புகிறவன்தான் கெட்டிக்காரன். முன்னாலேயே போய் நின்று இடித்துக்கொண்டிருப்பவன் நின்ற இடத்திலிருந்து குதிக்க வேண்டும். ஓடி வருபவன் ஓடுகிற வேகத்தில் எழும்புவான். நாள் முழுக்க எதிராளி எப்படி வருவான் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறவன் ஸ்டாப்பர். திருடனைப் பிடிக்கிறவனுக்குத்தான் எந்த ஜன்னல் சரியாகப் பூட்டாது என்று தெரியும்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரும்போது பந்தே தர மாட்டேன். ஒருவன் மூலையில் நின்று கையைத் தட்டுவான். தட்டின சத்தத்துக்குத்தான் ஓட வேண்டும். முதல் வாரம் பூராவும் தட்டுவதற்கு முன்னாலேயே ஓடிவிடுவார்கள்.

கோச் ஜான் கிரெகரியின் அந்த டீமுக்குக் காலில் பந்தை வைத்துக்கொண்டு கோலம் போடத் தெரியாது. அழுத்தம் தாங்குவார்கள், கார்னர், ஃப்ரீகிக் கிடைத்தால் தண்டிப்பார்கள். மேலே ஜெஜே என்கிற மிசோரம் பையன் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கிக் கொடுப்பான். பார்க்க அழகில்லை என்று எழுதினவர்கள் உண்டு. ஸ்டாப்பர் கண்ணுக்கு அதைவிட அழகு கிடையாது.

ஜி., பண்ருட்டி: சென்னையில் இருக்கும்போது சுமாராக ஆடுகிறவர்கள் வேறு டீமுக்குப் போனதும் ஜொலிக்கிறார்களே, ஏன் சார்? தண்ணீர் சரியில்லையா?

சென்னைத் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சம்பந்தி வீடு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி சரியான கேள்வி. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்தார். அடிமட்டத்தில் கிடந்த டீமைத் தூக்கி நிறுத்தினார். லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு, அதிகக் கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினார், பின்னாலிருந்து கிரிவெல்லாரோ பந்து கொடுக்க, விங்கில் சாங்டே ஓட, அரையிறுதியில் கோவாவை 6-5 என்று இரண்டு ஆட்டமும் சேர்த்துத் தாண்டினோம். அது ஃபுட்பால் ஸ்கோரா, கபடி ஸ்கோரா என்று என் மனைவி கேட்டாள். 2020 மார்ச் 14, இறுதி ஆட்டம். கொரோனாவால் ஆளே இல்லாத ஸ்டேடியம். கொல்கத்தா டீம் ஏடிகேயிடம் 1-3.

சரி, தோற்றார்கள். அடுத்தது என்ன? கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2021-22-இல் அதே கோய்ல் ஜாம்ஷெட்பூருக்கு, லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். சாங்டே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போய், இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பதினெட்டு வயசில் நம்மிடம் வந்து கேப்டன் வரை வளர்ந்த அனிருத் தாப்பா 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். அண்டை வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நம்ம பாத்திரம் போயிருக்கிறது, நம்ம வீட்டு விசேஷத்துக்குத்தான் பாத்திரம் இல்லை.

போகிறவனைக் குறை சொல்லக் கூடாது. ஆட்டக்காரன் கால் பத்து வருடம், அதற்குள் சம்பாதிக்க வேண்டும். நான் குறை சொல்வது வாடகை வீட்டு மனசை. வருஷா வருஷம் காலி செய்துவிட்டு வேறு வீடு பார்ப்பவன், சுவரில் ஆணி அடிக்க யோசிப்பான். புது கோச் வந்தால் புது ஸ்டாப்பர், புது ஃபார்வர்ட், புது ஆட்டமுறை. கிரெகரி, கோய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச் என்று 2019-க்கும் 2023-க்கும் நடுவே ஐந்து வெளிநாட்டு கோச். பாண்டோவிச் போனபோது மீதி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் நம்ம தமிழ்நாட்டு சபீர் பாஷா. விருந்தாளிகள் வந்து போவார்கள், மிச்சம் மீதியை எடுத்துவைப்பது வீட்டு ஆள்.

இன்னொன்று. இதை யாரும் கவனிப்பதில்லை. 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் இறங்கலாம். 2017-18-இல் அது ஐந்து. 2021-22-இலிருந்து நாலு. அதாவது முன்னே ஐந்து இந்தியர் போதும், இப்போது ஏழு பேர் வேண்டும். எலானோ, மெண்டோசா, மெய்ல்சன், வால்ஸ்கிஸ் என்று நாம் எழுந்த ஒவ்வொரு தடவையும் கைதூக்கி விட்டவன் வெளியூர்க்காரன். அந்தக் கைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, மீதி ஏழு பேர் யார் என்ற கேள்வி வந்தது. நாம் அதற்குப் படிக்கவே இல்லை. ஜெஜேவுக்கு அப்புறம் சீசனுக்குச் சீசன் நம்பக்கூடிய இந்திய ஃபார்வர்ட் ஒருவர் இங்கே நிலைக்கவில்லை.

ராஜி, தவளக்குப்பம்: நாங்கள் புதுச்சேரிக்காரர்கள் பிரான்ஸ் ஜெயித்தால் வெடி போடுவோம். சென்னை டீம் எங்களுக்கு எப்படிச் சொந்தம்?

2018 ஜூலை 15 அன்று நானும் அங்கேதான் இருந்தேன். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிற ஒரு நண்பர் வீட்டில். பிரான்ஸ் 4, குரோஷியா 2. நண்பர் நீல ஜெர்சி போட்டுக்கொண்டு, முட்டி வலியோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார். அந்த நாற்காலியிலிருந்து அவரை இறக்கினது நான். நாலு மாதம் முன்னால் சென்னையின் கோப்பை வாங்கினதைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான்.

சொந்தம் கொண்டாடக் கட்டாயம் இல்லை அம்மா. ஆனால் பாரீஸ் பார்க்க விசா வேண்டும். நேரு ஸ்டேடியத்துக்கு ஈ.சி.ஆர். பஸ் போதும்.

டி.வி., குறிஞ்சிப்பாடி: நம்ம தமிழ்ப் பையன்கள் ஏன் அந்த டீமில் அதிகம் இல்லை? திறமை இல்லையா?

திறமை இல்லையென்றால் மற்ற டீம்களில் எப்படி இருக்கிறார்கள்?

ஒருவரைப் பற்றி முதலில். வியாசர்பாடி தனபால் கணேஷ். நடுவில் நின்று எதிராளியின் பந்தைப் பிடுங்குவதுதான் அவர் வேலை. பேப்பரில் பெயர் வராத வேலை. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி, சென்னையில். ஜெஜே ஒன்று போட்ட கொஞ்ச நேரத்தில் கணேஷ் இன்னொன்று. வியாசர்பாடியிலிருந்து நேரு ஸ்டேடியம் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்து ஊரைத் தாண்ட ஒரு பையனுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கேலரியில் கத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் 3-0. அடுத்த சீசன் முட்டிக் காயத்தில் கணேஷ் வெளியே. டீம் கடைசி இடம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி.

மற்றவர்களைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூரு டீமில் ஆடி 2022-23-இன் வளரும் வீரர் விருது வாங்கினார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த ஒரே கோலைப் போட்டார்; வருடக்கணக்கில் அந்த உள்ளூர்ப் பகையாளி ஆட்டத்தை ஜெயிக்காமல் இருந்தவர்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. 2020 இறுதியில் நம்மை அழவைத்த ஏடிகே டீமில் குமரிக் கடற்கரை சூசைராஜ் இருந்தார். இவர்களில் சிலர் சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்பில் பழுத்தவர்கள். கோயம்புத்தூரில் ஆடி, ஐ.எஸ்.எல். போல இன்னொரு தேசிய லீகான ஐ-லீகின் 2018-19 பட்டம் வாங்கிய கிளப் அது. யோசித்துப் பாருங்கள்: சென்னையின் எஃப்சி 9 புள்ளியோடு கடைசியில் கிடந்த அதே சீசன், பக்கத்து வீட்டுக்காரன் இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன்.

தமிழன் என்பதற்காக எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே விளைவதை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்குவது கணக்குக்கு உதவாது என்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கடலூர்: சார், நான் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஆடுகிறேன். எங்கள் வீட்டில் அடுத்த வருடம் வேண்டாம் என்கிறார்கள். பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

பாப்பா, இந்தப் பக்கத்திலேயே நான் ரொம்ப நேரம் யோசித்துப் பதில் எழுதியது உனக்குத்தான்.

சென்னை டீமைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், ஃபுட்பாலில் கடலூர் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர்கள் பெண்கள். இந்துமதி கதிரேசன் நம்ம ஊர். இந்திய டீமில் நடுக்களம் ஆடியவர். 2018-இல் மணிப்பூரை 2-1 அடித்து தமிழ்நாடு தேசிய சீனியர் பெண்கள் பட்டம் வாங்கியதே, அந்த டீமில் இருந்தவர். மணிப்பூரை ஃபைனலில் அடிப்பது என்றால் என்ன என்று வீட்டில் கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் விளக்குகிறேன். ஃபார்வர்ட் சந்தியா ரங்கநாதனும் நம்ம மாவட்டம்தான். மதுரை சேது எஃப்சி 2018-19 இந்தியப் பெண்கள் லீக் பட்டம் வாங்கியபோது அவர் அந்த டீமில். இந்துமதி போலீஸில் எஸ்.ஐ. ஆனார். "என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில். வீட்டில் முதலில் அதைச் சொல்லு, கோலைப் பற்றி அப்புறம் சொல்லு. பெற்றவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற வார்த்தை புரியும்.

நான் சர்வீஸில் இருந்தபோது ஒரு பெண் பிள்ளை சுடிதார் மேலேயே ஜெர்சி போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், காலையில் ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரும். வீட்டுக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவே கொண்டுவந்து விட்டுவிட்டு மீன் எடுக்கத் துறைமுகம் போய்விடுவார். ஏழு மணிக்குக் கூடையோடு திரும்பி வந்து மைதானத்து ஓரத்தில் நிற்பார். ஒரு நாள், "எம் பொண்ணு எப்படி ஆடுது சார்?" என்றார். "இடது கால் நல்லா வருது" என்றேன். "வலது கால் ஏன் வரல?" என்று கேட்டார். எந்த அப்பாவும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து வலது காலுக்குத் தனிப் பயிற்சி வைத்தேன்.

நீ லெஃப்ட் அவுட் என்கிறாய். வலது கால் வருகிறதா?

அ., வடலூர்: அவ்வளவு தூரம் போய் ஸ்டேடியத்தில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? டிவியில் நன்றாகவே தெரிகிறதே?

நேரு ஸ்டேடியத்தைப் பொறுத்தவரை டிவியில்தான் நன்றாகத் தெரியும். சுற்றிலும் ஓட்டப்பந்தய டிராக். கேலரிக்கும் களத்துக்கும் நடுவே ஒரு தெரு அகலம். கேரளாக்காரர்கள் மஞ்சள் சட்டை போட்டு வருகிற அன்று அந்தத் தூரம் தெரியாது, சத்தம் டிராக்கைத் தாண்டிவிடும். மற்ற நாளில் எதிர்ப்பக்கம் விங்கில் நடப்பது நிழற்படம் மாதிரி இருக்கும்.

ஆனாலும் டிவி பந்தைத்தான் காட்டும். பந்து நம்ம கார்னரில் இருக்கும்போது பின்னால் நம்ம ஸ்டாப்பர் என்ன செய்கிறான் என்பதைக் காட்டாது. நான் காசு கொடுத்துப் பார்ப்பது அதைத்தான். 2024-25-இல் ஒரு ஆட்டம் போய்ப் பார்த்தேன். நம்ம ஆட்கள் தாக்கப் போகும்போது இரண்டு பேக்கும் மேலே ஏறிவிடுகிறார்கள், கானர் ஷீல்ட்ஸ் இடைவிடாமல் ஓடுகிறார், ஃபாரூக் சௌத்ரி கோலை நோக்கித் திரும்புகிறார், எல்லாம் சரி. பந்து பறிபோன நொடியில் பின்னால் ரயான் எட்வர்ட்ஸ் தன்னந்தனியாகக் கையை நீட்டி, யாரையோ, எங்கேயோ போகச் சொல்லிக் கத்துகிறார். யாரும் திரும்பவில்லை. எனக்கு எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. அறுபத்து மூணு வயசில் போய் என்ன செய்வது, சும்மா நிற்கவாவது செய்யலாம்.

எஸ்.ஆர்., புவனகிரி: 2025-26 சீசன் தள்ளிப்போனபோது என்ன செய்தீர்கள்?

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் லீகை நடத்துகிறவர்களும் போட்டிருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிய இருந்ததால் வழக்கமான நேரத்தில் ஆட்டம் தொடங்கவில்லை. சம்பளம் வருமா என்று ஆட்டக்காரர்கள் கவலைப்பட்ட நாட்கள் அவை. புது கோச்சாகக் கோவாக்காரர் கிளிஃபோர்டு மிராண்டாவைப் போட்டார்கள். ஒடிசாவுக்கு 2023 சூப்பர் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். இந்திய கோச் என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம். ஆட்டம் இல்லாத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அவர் நிலைமை.

நான் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பையன்கள் மணலில் ஆடுவதைப் பார்த்தேன். கார்னர் கொடிக்குப் பதில் செருப்பு. இரண்டு பக்கமும் பெனால்டி கேட்டுச் சண்டை. ரெஃப்ரி யார் என்று கேட்டார்கள், மாட்டிக்கொண்டேன்.

'நேர்மையான ரசிகன்', திருப்பாதிரிப்புலியூர்: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, அடுத்த ஆட்டத்துக்குப் போவீர்களா?

டிஷ் பிடித்த பையன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். கேரளா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிடுகிறேன் என்று போன் செய்தான். "மழை வந்தா?" என்று கேட்டேன். "நான் புடிச்சுக்கிறேன் சார்" என்றான்.